பைலியின் தம்பி

ஏழாங்கடவு மாதா கோயில் கப்பியார் பைலிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, இடுப்பில் தொங்கும் சாவிக் கொத்து. மணிமேடை, பூசை உடுப்பறை, கல்லறைத் தோட்டம், வேதபாடக் கூடம் என்று ஊருக்குப் பொதுவான கதவுகள் எல்லாம் அவர் இடுப்பில்தான் கிடந்தன. விளக்கேற்றுவது, மணியடிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் கப்பியார் வேலை. அந்த வேலையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் சேர்ந்து வரும். இன்னொரு பெருமை, ஊரில் யார் செத்தாலும் சேதி முதலில் அவரிடம் வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஏழு. நிறுத்தி நிறுத்தி அடித்துவிட்டு அவர் மேடையை விட்டு இறங்குவதற்குள் செல்போன் கத்தத் தொடங்கிவிடும். "யாரு பைலிச்சேட்டா?" என்று கேட்பவர்களுக்கு ஆள் பெயர், வீட்டுப் பெயர், நேரம், நோய் எல்லாம் வரிசையாகச் சொல்வார். கேட்காததையும் சொல்வார். அவர் வாயில் நின்ற விஷயம் என்று எதுவும் எங்கள் ஊரில் கிடையாது.

குடி இருந்தது. ஆனால் குடிகாரன் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் நோன்பில் மீன், இறைச்சி, பிராந்தி மூன்றையும் சுத்தமாக விட்டுவிடுவார். "அம்பது நாள் தொடாம இருக்கேன். குடிகாரனால முடியுமா?" என்று மனைவி ஏலிக்குட்டியிடம் கேட்பார். "அம்பத்தோராவது நாளு காலைல எட்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு நான் சொல்லவா?" என்பாள் அவள். இந்த நோன்புக் கணக்கை வைத்துக்கொண்டே எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் தங்களைக் குடிகாரர் இல்லை என்று நிரூபித்து வருகிறார்கள்.

புதன்கிழமை மாலை வேதபாடக் கூடத்தில் ஒரு கூட்டம் நடக்கும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பெயர்ப் பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. யார் வந்தார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் சட்டம். பைலிக்கு அந்தச் சட்டம் இல்லை. கூடத்தைத் திறந்துவிட்டு மாமரத்தடியில் நின்று உள்ளே போகிறவர்களைப் பார்ப்பார். பிறகு குஞ்ஞப்பன் டீக்கடைக்குப் போய், "இன்னிக்கு யாரு புதுசா வந்தது தெரியுமா?" என்று தொடங்குவார். பத்து வருஷத்துக்கு முன் தொடங்கியபோது பதினான்கு பேர் வந்த கூட்டம் அது. மூன்றாம் வருஷம் நான்கு பேர், நான்கு பேருமே வெளியூர்க்காரர்கள். "நம்ம ஊருல குடிகாரனே இல்ல போல" என்று பைலி டீக்கடையில் சிரித்தார். அப்படிச் சிரிக்கும்போது அவர் மடியில் ஒரு கால் குப்பி பிராந்தி இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு, ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வியாழக்கிழமை சாயங்காலம் குப்புற விழுந்தது.

பெருநாள் ஊர்வலத்துக்கு முத்துக்குடை பிடிக்க ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. லூக்காச்சன் பெயர் பட்டியலில் முதலில். மிளகும் ஜாதிக்காயும் வாங்கி விற்கும் மலைச்சரக்குக் கடைக்காரர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். புனித செபஸ்தியானோசுக்கு நேர்ந்துகொண்டு ஏழு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் விட்டார் என்பது ஊர் நம்பிக்கை. பைலி மதியமே இரண்டு கால் குப்பியை முடித்திருந்தார். நாலு மணிக்குக் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது கடை ஆள் வாசு.

"வாசு, லூக்காச்சன் இருக்காரா?"

"போயிட்டாரு பைலிச்சேட்டா. மூணு மணிக்கு."

"என்னடா சொல்ற!"

"ஆமா. இடுப்பு வலி தாங்கலைன்னு சொல்லிட்டே இருந்தாரு. மூணு அடிச்சதும் போயிட்டாரு."

போனை வைத்த பைலிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மணி, கர்த்தர் உயிர்விட்ட நேரம். எப்பேர்ப்பட்ட புண்ணியவானுக்கு வாய்க்கும் அது! வியாழன்தோறும் லூக்காச்சன் மூன்று மணிக்குக் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி, இடுப்பு வலிக்கு எண்ணெய் போட வைத்தியரிடம் போவது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பைலிக்கும் தெரியும். அன்று அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. தடுமாறி மணிமேடை ஏறி, சுத்தமாக ஒன்பது அடித்தார். இறங்குவதற்குள் போன் அடித்தது. "லூக்காச்சன். மூணு மணிக்கு. வலி தாங்கல, பாவம். கடையிலேயேதான்" என்றார். 'கடையிலேயேதான்' என்பது அவராகச் சேர்த்தது.

லூக்காச்சன் மனைவி கொச்சுறாணி பின்கட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு நாலு பெண்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குச் சேதி தெரிந்தது. அவள் அங்கேயே சாய்ந்தாள். அரைமணி நேரத்தில் முற்றத்தில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஐஸ் பெட்டிக்காரன் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி, "பாடி எங்க?" என்று கேட்டான். கடையில் இல்லை, வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை. யாரோ யோசித்து வைத்தியருக்குப் போன் போட்டார்கள். "லூக்காச்சனா? அந்த ஆளு இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சே" என்றார் வைத்தியர். அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்ட கூட்டம் கொஞ்சம் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

ஏழு மணி பஸ்ஸில் லூக்காச்சன் இறங்கி, கையில் ஒரு பாக்கெட் ரொட்டியோடு, தன் வீட்டு முற்றத்துத் தார்ப்பாயின் கீழ் வந்து நின்றார். கொச்சுறாணி எழுந்து ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் அலறலும் அடங்கிய பிறகு, அந்தக் கேள்வியைக் குஞ்ஞப்பன்தான் கேட்டார். "அது சரி லூக்காச்சா, இந்த ஆறு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்க போயிட்டிருந்தீங்க?"

லூக்காச்சன் ரொட்டியைக் கொச்சுறாணி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவளும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலை டீக்கடையில் கிழக்கே எந்த ஊர், எந்தத் தெரு, அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன வயது என்பதுவரை முடிவாகிவிட்டது.

விகாரியச்சன், அதாவது எங்கள் பங்குச் சாமியார், அதிகம் பேசாதவர். மறுநாள் பைலியை அழைத்துக் கையை நீட்டினார். பைலி சாவிக் கொத்தைக் கொடுத்தார். அச்சன் அதிலிருந்து ஒரே ஒரு சாவியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். வேதபாடக் கூடத்தின் சாவி.

"புதன்கிழமை அந்த ஆளுங்களுக்குத் திறந்து விடணும். அது மட்டும் போதும். மணியை என் சமையல்காரர் அடிப்பார்."

"அச்சோ, வீடு?"

"செப்டம்பர்ல மாதாவோட எட்டு நோன்புப் பெருநாள் வரைக்கும் இருந்துக்கோ. அதுவரை ஒரு சொட்டுகூடத் தொடாம இருந்தா கொத்து உன் இடுப்புக்கு வரும். தொட்டா, வேற கப்பியாரைப் பார்த்துக்கறேன். நீயா உன்னால முடியாது பைலி. கூட்டம் எங்க நடக்குதுன்னு உனக்கே தெரியும். போய் உக்காரு."

ஐந்து மாதம். நோன்புக் கணக்கில் மூன்று நோன்பு. பைலி வீட்டுக்கு வந்து ஏலிக்குட்டியிடம், "நானே விட்டுடுவேன்" என்றார். நான்காம் நாள் கை நடுங்கி, கஞ்சிக் கிண்ணம் தவறிக் கீழே விழுந்தது. ஏலிக்குட்டி குனிந்து துடைத்தாள்.

"இந்த வீடு போச்சுன்னா நான் என் அண்ணன் வீட்டுத் திண்ணைக் கோடில போய்க் கிடக்கணும். எனக்கு அது முடியாது. கூட்டத்துக்குப் போங்க."

"நம்ம கூடத்துலயா? அங்க போனா ஊரே பேசும்டி."

"ஊருன்னா யாரு? பேசறதே நீங்க ஒருத்தர்தானே" என்றாள் ஏலிக்குட்டி.

வேதபாடக் கூடத்துச் சுவரில் ஒரு தகரப் பலகை இருந்தது. 'குடி தொல்லையாக இருக்கிறதா? அழைக்கலாம்' என்று எழுதி, கீழே ஒரு எண். பைலி தன் கையால் ஆணி அடித்த பலகை. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று பேசினார். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டார்.

"ஹலோ. என் தம்பிக்காகக் கேக்கறேன்."

"சொல்லுங்க. தம்பிக்கு எவ்வளவு நாளா?" என்றது மறுபக்கக் குரல். அவசரமே இல்லாத குரல்.

"ஒரு... முப்பது வருஷம்."

"தம்பிக்குக் கை நடுங்குதா?"

"நடுங்குது."

"இன்னிக்குக் குடிச்சானா?"

"இல்ல. நாலு நாளா இல்ல."

"நல்ல தம்பி. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, நடுக்கத்தை விளையாட்டா எடுத்துக்க வேண்டாம். எந்த ஊரு நீங்க?"

பைலி திருதிருவென்று விழித்தார். "ஊரைச் சொல்லணுமா? பக்கத்துல வேண்டாம். தள்ளி எங்கயாவது சொல்லுங்க."

"சரி. வலியகுளங்கரைல வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு. கடைத்தெரு லைப்ரரி மாடி. என் பேரு ரசாக், வாசல்ல நிப்பேன். தம்பி தனியா வரப் பயப்படுவான், துணைக்கு நீங்களும் வாங்க."

வலியகுளங்கரை மேற்கே, இரண்டு பஸ் மாற வேண்டும். வியாழக்கிழமை நாலரை மணிக்கே பைலி அங்கே போய் இறங்கிவிட்டார். கடைத்தெருவில் லைப்ரரி என்று எதுவும் கண்ணில் படவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று வாய் திறந்தபோது, எதிர் டீக்கடையில் குஞ்ஞப்பனின் மருமகன் நிற்பதைப் பார்த்துவிட்டார். அவன் மாமனாருக்குக் குறையாத வாய். பைலிக்கு வேர்த்தது. ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும். பக்கத்தில் ஒரு நீண்ட வரிசை நின்றது. யோசிக்காமல் அதன் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அது பிவரேஜ் வரிசை. சர்க்கார் மதுக்கடை.

அங்கே நிற்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. எங்கள் நாட்டில் அந்த வரிசையில் நிற்பவனைப் பார்த்தால் தெரிந்தவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். குஞ்ஞப்பனின் மருமகனும் அசைத்தான். பைலியும் அசைத்தார். குடியை விடப் போகிறேன் என்று வழி கேட்பதுதான் மானக்கேடு. குடிக்க நிற்பதில் என்ன இருக்கிறது? அவன் போகட்டும், நழுவிவிடலாம் என்று நின்றார். அவன் போகவில்லை. வரிசை போனது. கோயில் திருவிருந்து வரிசையில்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நின்று பார்த்ததில்லை. யாரும் தள்ளவில்லை, யாரும் புகவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. முன்னால் நின்றவர் கேட்டார், "சேட்டனுக்கு என்ன, ரம்மா?" ஏழு நாளாகத் தொடாத பைலியின் நாக்கில் எச்சில் ஊறியது. முன்னால் ஆறு பேர், பிறகு நாலு பேர். மடியில் கூடத்துச் சாவி குத்தியது. பின்னால் இருபது பேர் நின்றார்கள், விலகிப் போனால் மருமகன் பார்ப்பான். வாங்கி வைத்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டியதில்லையே என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதை நம்பவும் செய்தார்.

கம்பிக்குப் பின்னால் இருந்தவன் தலை நிமிராமல் கேட்டான். "என்ன வேணும்?"

பைலி வாயைத் திறந்தார். கேட்க நினைத்தது ரம்மா, பிராந்தியா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

"லைப்ரரி எங்க?" என்று வந்தது.

வரிசை முழுக்கச் சிரித்தது. "படிக்க வந்தவரு இந்தப் பக்கம் வந்துட்டாரு!" என்றது ஒரு குரல். "சேட்டா, எனக்கும் ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வாங்க!" என்றது இன்னொன்று. கம்பிக்குப் பின்னால் இருந்தவன் சிரிக்கவில்லை. கட்டை விரலால் மேலே காட்டினான். "மாடில. பக்கத்துப் படிக்கட்டு. மாசத்துக்கு ரெண்டு பேராவது இங்க வந்துதான் வழி கேக்கறீங்க. அடுத்து!"

படிக்கட்டு மேலே வாசலில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு மெலிந்த மனிதர் நின்றார். ரசாக். "தம்பிக்காகப் பேசினவரா? வாங்க வாங்க. தம்பி எங்க?"

"பின்னால வரான்" என்றார் பைலி.

உள்ளே ஏழெட்டுப் பேர். மேஜையில் பால் விடாத கட்டஞ்சாயா, பருப்பு வடை, நடுவில் ஒரு சின்ன கேக். குடியை விட்ட நாளை இவர்கள் பிறந்த நாள் என்பார்கள். அன்று ஒருவருக்கு ஏழு வயது முடிகிறது. கேக்குக்குப் பின்னால் கத்தியோடு உட்கார்ந்திருந்தவர் லூக்காச்சன்.

பைலி வந்த படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். தான் சாகடித்து, ஐஸ் பெட்டி வரவழைத்த ஆள், ஏழாம் பிறந்த நாள் கொண்டாடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். லூக்காச்சன் கத்தியை மேஜையில் வைத்தார். பைலியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரசாக்கைப் பார்த்து, "இவருக்குத் தம்பியே கிடையாது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ரசாக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "பரவாயில்ல. எனக்கும் முதல் தடவை மச்சானுக்குத்தான் பிரச்சினையா இருந்தது. உக்காருங்க."

ஒரு மணி நேரம் பேசினார்கள். பைலி ஒன்றும் பேசவில்லை. அவர் ஆயுளில் ஒரு மணி நேரம் வாய் மூடி உட்கார்ந்தது, பூசை தவிர, அதுதான் முதல் தடவை. முடிந்ததும் லூக்காச்சன் படிக்கட்டில் அவரை நிறுத்தினார்.

"நம்ம ஊருலயே கூட்டம் இருக்கு. என் கடையிலேருந்து நடந்தா பத்து நிமிஷம். நான் எதுக்குக் கிழக்கே பஸ் ஏறி, பாதில இறங்கி, ரெண்டு பஸ் மாறி மேற்க இங்க வரேன்னு நினைக்கற? உன் வாய்க்குப் பயந்துடா, பைலி."

பைலி அழுதுவிட்டார். "ஊருக்குப் போனதும் முதல் வேலையா எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன் லூக்காச்சா. உங்க பேருல இருக்கற அழுக்கு..."

"சொன்னா கொன்னுடுவேன்" என்றார் லூக்காச்சன். "நான் சொல்லணும்னா நான் சொல்வேன். எனக்கு இன்னும் தைரியம் வரல. இங்க பார்த்தது இங்கயே. உன்னால முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தார். குடிக்காமல் இருப்பதைவிட அது எத்தனை கஷ்டம் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் பைலியும் போனார், வேறு பஸ்ஸில். வாசலில் ரசாக் கேட்பார், "தம்பி எப்படி இருக்கான்?" பைலி சொல்வார், "இருக்கான். குடிக்கல." எல்லோரும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் அவர் உள்ளே வந்ததுமே, "தம்பிக்கு இன்னிக்கு ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அவரை ஊர்வரை கொண்டுவந்து விட்டது லூக்காச்சன். அதுவும் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கிக்கொண்டார்.

டீக்கடைதான் நரகமாக இருந்தது. "என்ன பைலி, லூக்காச்சனோட கிழக்குச் சம்பந்தத்துக்கு வேற யாராவது பேரு வெச்சாங்களா?" என்று குஞ்ஞப்பன் கேட்பார். பைலியின் வாயில் உண்மை முழுசாக வந்து நிற்கும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் லூக்காச்சனின் மானம் திரும்பிவிடும், தான் செய்த பாவமும் கழிந்துவிடும். சூடான டீயை அப்படியே விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொள்வார். கொச்சுறாணி ஞாயிறு பூசைக்கு வரும்போது பெண்கள் பெஞ்சில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியாகக் கிடந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். புருஷன் சொல்லாததை அவளும் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்த பைலிக்கு அந்தப் பெண்மேல் வந்த மரியாதை, பிறகு அவர் வாழ்நாளில் வேறு யார்மேலும் வரவில்லை.

புதன்கிழமைகளில் கூடத்தைத் திறந்துவிட்டு, மாமரத்தடியில் நிற்காமல், கல்லறைத் தோட்டத்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார். உள்ளே யார் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஆனால் கூடத்தைப் பெருக்கும்போது டீத் தம்ளர்கள் ஏழு, எட்டு என்று கிடக்கத் தொடங்கின.

ஆகஸ்டு கடைசியில் விகாரியச்சன் கூப்பிட்டார். கோயில் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள இரண்டு கைக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லூக்காச்சன் பெயர் வந்திருக்கிறது. ஆனால் பேச்சும் இருக்கிறது.

"அவர் வியாழக்கிழமை எங்க போறார்? அவர்கிட்டயே கேட்டேன், சொல்ல மாட்டேங்கறார். ஒழுங்கான இடம்னு யாராவது ஒருத்தர் எனக்குச் சொன்னாப் போதும். நான் கமிட்டியைப் பார்த்துக்கறேன். உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

மேஜையில் சாவிக் கொத்து இருந்தது. பெருநாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி. பைலி அதைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அச்சோ."

"பைலி, உனக்குத் தெரியாத ஒண்ணு இந்த ஊருல இருக்கா?"

"இது தெரியாது அச்சோ."

அச்சன் கொத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, சரி போ என்றார். லூக்காச்சனுக்குக் கைக்காரர் பதவி கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போனது. எட்டு நோன்புப் பெருநாள் அன்று காலை, பூசை உடுப்பறையில் வைத்து, அச்சன் பைலியின் முகத்துக்கு நேரே குனிந்து மூச்சை மோந்து பார்த்தார். பிறகு கொத்தைக் கொடுத்தார். பைலி கூடத்துச் சாவியை அதில் கோத்துக்கொண்டார். ஏலிக்குட்டி அன்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்தாள்.

மறு வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு லூக்காச்சன் தன் கடையில், ஜாதிக்காய் மூட்டையின்மேல் சாய்ந்து, இறந்துபோனார். இருதயம். இந்தத் தடவை வாசு நேரிலேயே ஓடி வந்தான். "போயிட்டாரு" என்று சொல்லவில்லை. "செத்துட்டாரு பைலிச்சேட்டா, செத்தே போயிட்டாரு, நான் பார்த்தேன்" என்றான்.

பைலி நேரே கடைக்கு நடந்தார். லூக்காச்சனின் கையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் கள்ளுக்கடை திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டினார் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மணிமேடை ஏறி, நிறுத்தி நிறுத்தி, ஒன்பது அடித்தார்.

இறங்கும்போது போன் அடித்தது. "யாரு?" "லூக்காச்சன்." எதிர்முனை சிரித்தது. "மறுபடியுமா!" அடுத்த போன், "பைலி, காலைலேயே ஆரம்பிச்சுட்டியா?" யாரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. தார்ப்பாய்க்காரர் வரவில்லை. ஐஸ் பெட்டிக்காரன், "போன தடவை வந்த அலைச்சலே போதும்" என்று வைத்துவிட்டான். விகாரியச்சன் மழையில் நனைந்தபடியே மணிமேடைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் பைலியின் வாயருகே குனிந்து மோந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"உண்மையா?"

"உண்மை அச்சோ. என் கையால தொட்டுப் பார்த்துட்டு வந்துதான் அடிச்சேன்" என்று சொல்லும்போதே பைலிக்கு வாய் கோணி அழுகை வந்துவிட்டது. அச்சன் ஒலிபெருக்கியில் தானே அறிவித்த பிறகுதான் ஊர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் அடக்கம். மழை விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கருப்புக் குடைகள் நெருக்கியடித்து நின்றன. கடைசி வரிசைக்கும் பின்னால், மதில் ஓரம், ஊருக்குத் தெரியாத ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் தலையில் வெள்ளைத் தொப்பி. ஒருவர் கையில் பருப்பு வடை மடித்த பொட்டலம் போல எதையோ வைத்திருந்தார், குழிக்குள் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல். கொச்சுறாணி எல்லோரையும் தாண்டி அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். ஊர் அதைக் கவனித்தது.

சாம்பிராணிக் கலசத்தோடு பைலி அந்த மதில் ஓரமாக வந்தார். தொப்பிக்காரர் மெல்லிய குரலில் கேட்டார், "தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்கான்" என்றார் பைலி, நடந்துகொண்டே.

குஞ்ஞப்பன் காதில் அது விழுந்துவிட்டது. குடையைச் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "யாருடா அவங்கல்லாம்? லூக்காச்சனுக்கு எந்த வகைல சொந்தம்? கிழக்கா? உன்னை எதுக்கு விசாரிக்கறான்? உனக்கு ஏதுடா தம்பி?"

பைலிக்கு ஏழு பேரின் பெயரும் தெரியும். ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள், எந்த வருஷம் எந்த வாய்க்காலில் விழுந்து கிடந்தார்கள் என்பது எல்லாம் தெரியும். டீக்கடையில் ஒரு வருஷம் பேசப் போதும்.

"தெரியாது" என்றார். "வேற யாரோன்னு நினைச்சுக் கேட்டுட்டாரு போல."

கலசத்தை அச்சன் கையில் கொடுத்துவிட்டு, அடக்க மணி அடிக்க, இடுப்புக் கொத்தில் மணிமேடைச் சாவியைத் தேடியபடி மழையில் இறங்கி நடந்தார்.